தொட்டி மணலில் புதைத்த தகடு

ஆனையூர், மதுரை
12.9.2004

அன்பு மகள் முத்துமீனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், டொரண்டோ குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க மீனாட்சி துணை. நீ வளர்த்து விட்டுப்போன பவளத் தொட்டியும் இப்போது சுகம். ‘இப்போது’ என்று எழுதியதைப் பார்த்துப் பயப்படாதே, கடைசிவரை படி.

போனில் நீ முதலில் தொட்டியைத்தான் விசாரிப்பாய், நானும் அருமையாக இருக்கிறது என்பேன், அது அத்தனையும் பொய். நத்தைகள் செத்துவிட்டன, பவளமெல்லாம் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி மூடிக்கொண்டது. நீ வரும்போது வெறும் தொட்டியையா காட்டுவது என்று எனக்குத் தூக்கமே இல்லை. நீ வைத்துப்போன மருந்துச் சொட்டை விட்டுத் தண்ணீரைச் சோதித்தால், நத்தைக்கும் பவளத்துக்கும் விஷமான செம்பு ஏறியிருந்தது. பாதித் தண்ணீரை மாற்றினேன், செம்பை உறிஞ்சக் கரிப் பை போட்டேன், இறங்கிய செம்பு மறுவாரம் மறுபடி ஏறியது. மோட்டார், குழாய் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாயிற்று. கப்பலூரில் காலமெல்லாம் மெஷின் பார்த்தவனுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி தண்ணி காட்டியது. கடைசியில் செப்புக்குடத்துத் தண்ணீரை ஊற்றினாயா என்று உன் அம்மாவைக் கேட்டுத் தொலைத்தேன். ‘ஆமா, மீனுக்கு விசம் வைக்கத்தான் ஒங்களுக்கு வாக்கப்பட்டு வந்தேன்’ என்றாள். அன்றிலிருந்து சாப்பாட்டில் ரசம் மட்டும்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பாறைகளைத் தூக்கிவிட்டு மணலைக் கிளறினேன். மூலையில் ஒரு செப்புத் தகடு பச்சை பிடித்துக் கிடந்தது. வருகிறவர்கள் எல்லாம் மீனைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள், உன் அம்மா திருஷ்டிக்குப் புதைத்துவிட்டாள் என்று விழுந்து விழுந்து சிரித்தேன். துடைத்துப் பார்த்தால் உன் பெயரும் நட்சத்திரமும் கீறியிருக்கிறது, அம்மாவைக் கேட்டேன். ‘அவளுக்குக் காவலா மந்திரிச்ச தகடு, அவ இருக்கிற வீட்டு மண்ணுல பொதைக்கணும்னு பூசாரி சொன்னாரு. அம்புட்டுத் தூரம் நான் எப்படிப் போக? அவளுக்குன்னு இங்க இருக்கிறது அந்தத் தொட்டி மண்ணுதானே’ என்றாள். எனக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு செம்பு ஏறவில்லை, பவளம் மெல்ல விரிகிறது. தகட்டைப் புளி போட்டுத் துலக்கி, இந்தப் பார்சலில் பருப்புப்பொடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். பூந்தொட்டி மண்ணில் புதைத்துக்கொள், மீன்தொட்டி வாங்கினால் அந்தப் பக்கமே கொண்டுபோகாதே. நேரத்துக்குச் சாப்பிடு, நூறு வயது நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் போன் செய்தால் தொட்டியை அப்புறம் விசாரிக்கலாம், முதலில் அம்மாவைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
பால்பாண்டி