கப்பல் வராத வாரம்

மாயாபந்தர், ஐப்பசி கடைசி வெள்ளி, 1964

லைசென்ஸ் பிழைத்தது. இப்போதுதான் மூச்சு சீராக வருகிறது.

கப்பல்துறையில் நடந்த கத்திக்குத்துக்கு என் மளிகைக் கடையில் விற்ற சாராயம்தான் காரணம் என்று யாரோ மனு கொடுத்துவிட்டார்கள். மது விற்கும் லைசென்ஸை ரத்து செய்யலாமா என்று இன்று விசாரணை. அதிகாரி மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குப் புதிதாக வந்தவர். அன்றைக்கு எத்தனை பாட்டில் விற்றாய் என்று இந்தியில் கேட்டார்.

பக்கத்து மீன்கடை பிஸ்வாஸ்தான் எழுந்தார். "ஜஹாஸ் நஹி ஆயா தா, சாப். இஸ்கே பாஸ் நமக் பீ நஹி தா." கப்பலே வரவில்லை, இவனிடம் உப்புகூட இல்லை என்றதும் அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உண்மைதான். அந்த வாரம் ஊரில் எந்தக் கடையிலும் ஒன்றும் கிடையாது. குத்தியவன் காட்டில் காய்ச்சியதைக் குடித்திருக்கிறான். ஊருக்கே தெரிந்ததை நான் பயத்தில் மறந்து நின்றிருக்கிறேன். அதிகாரி, போகலாம் என்று கையைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து மனைவி மரகதத்திடம் சொன்னேன். நாளைக்குக் கப்பல் வருகிறது, நம் சாராயப் பெட்டிகளும் வருகின்றன என்றேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"அந்தக் கப்பல் வராமலே இருந்தா நல்லாயிருக்குங்க."

"உப்பும் வராதே."

"உப்பில்லாமலே பொங்கிப் போடுறேன்" என்றாள்.