தங்கத்தின் தலையணை

1912 மார்ச் 4, திங்கள்
காலையிலேயே வெக்கை. தலையணைக்குச் சாட்டின் துணி வந்தது. வதங்கிய கத்தரிக்காய் நிறம். அப்பா தேர்ந்தெடுத்தது.

சனிக்கிழமை தங்கத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள். எங்கள் சபையாரிடம் பெண்ணின் கைவேலையை நாற்காலியில் சாத்திவைக்கும் வழக்கம். தங்கத்துக்குப் பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது.

“ஏட்டி ஞானம், நீ தச்சிரு. தங்கச்சி தச்சதுன்னு சொல்லிக்கிடுவோம்.” ஜெபம் முடித்து எழுந்த கையோடு அப்பா சொன்னார். ஊருக்கெல்லாம் உபதேசியார்.

மாப்பிள்ளை வீட்டார் வரும்போது நான் வெளியே வரக்கூடாதாம். அம்மைத் தழும்பு. முகம் அடுக்களையில், கைவேலை மட்டும் கூடத்தில்.

மார்ச் 6, புதன்
வேண்டியவை: ஜரிகைத் தொங்கல், குஞ்சம் 4, லேசு 3 கெஜம் (என்னுடையது, நானே பின்னியது, இரண்டு மாத வேலை), பஞ்சு.

பஞ்சு வாங்கவில்லை. அப்பா தம்முடைய பழைய தலையணையைக் கிழிக்கச் சொல்லிவிட்டார். பல வருடத்து நல்லெண்ணெய், வியர்வை, எச்சில். கறுப்புக் கட்டிகள். பிய்க்கப் பிய்க்கக் குமட்டல். இரண்டு முறை கொல்லைக்கு ஓடினேன்.

“உள்ள இருக்கது யாருக்குத் தெரியப்போவுது? மேலாப்புல கொஞ்சம் புதுப் பஞ்சு வையி.”

மதியம் சாப்பிடவில்லை. சோப்புப் போட்டும் கையில் வாடை.

மார்ச் 8, வெள்ளி
முடிந்தது. சகிக்கவில்லை. நான்கு மூலையிலும் குஞ்சம், கோவில் மாட்டுக்குப் போல. லேசு மட்டும் அழகு. அதைக் கொடுத்ததில் வயிறெரிகிறது.

தங்கம் மடியில் வைத்துக்கொண்டு, “எக்கா, பாக்கப் பாக்க நானே தச்ச மாதிரி இருக்கு.” கெட்டவள் இல்லை. மக்கு. அந்த வாத்தியார் மாப்பிள்ளையை நினைத்து இப்போதே தனியாகச் சிரிக்கிறாள்.

மார்ச் 9, சனி
வந்தார்கள். நால்வர். கதவிடுக்கில் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் தாயார் தலையணையை எடுத்ததும் பின்பக்கம் திருப்பினார். வேலை தெரிந்தவர். முகத்தருகே கொண்டுபோய் இழையைப் பார்த்தார். எனக்கு உள்ளே இருக்கும் பஞ்சு ஞாபகம் வந்தது.

“எம்மா, இதை எந்தக் கையால தச்சே?”

“வலது கையாலதான், அத்தை.”

“வலது கைக்காரி தச்சா இழை இந்தப் பக்கம் சாயாதே.”

நான் இடது கைக்காரி. ஒருவருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான். தங்கம் அழுதுவிடுவாள் போல நின்றாள்.

அப்பா எழுந்து நின்றார். “கர்த்தர் சாட்சியாச் சொல்லுதேன், இவதான் தச்சா.”

சீ. நாளைக்கு இதே வாயால் பிரசங்கம்.

மார்ச் 11, திங்கள்
காற்றே இல்லை. தலைவலி.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. சம்மதமாம். கலியாணத்துக்கு முந்தி பெண் ஒரு வாரம் அவர்கள் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து இதே தையலில் ஒரு மெத்தை விரிப்பு தைக்க வேண்டுமாம். துணைக்கு அக்காளும் வரலாமாம்.

அப்பா கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தம்மா கண்ணு பொல்லாதது. நீ இடது கையால தச்சா தலையணை ஒன் வேலைன்னு கண்டுக்கிடுவா. நீ இன்னைலேர்ந்து வலது கையால தச்சுப் பழகு, தங்கச்சிக்கும் சொல்லிக்குடு. அங்கன ரெண்டு பேர் தையலும் ஒண்ணு போல இருக்கணும்.”

“மாட்டேன்” என்றேன். அவர் முகத்துக்கு நேரே, முதல் தடவையாக.

“அப்பம் தங்கச்சிக்குக் கலியாணம் வேண்டாங்கியா?”

தங்கம் ஊசிப்பெட்டியைக் கொண்டுவந்து என் வலது பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.