சாளைக் குஞ்சுகளின் விடுதலை

மட்டாஞ்சேரி

அன்புள்ள செல்விக்கு,

நீயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமா? அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போன் கடலில் விழுந்துவிட்டது, அதனால்தான் கடிதம்.

பயப்பட ஒன்றுமில்லை. ரோந்து அதிகாரிகள் எங்கள் படகில் ஏறி, பிடித்த சாளை மீனை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். சட்டம் சொல்லும் நீளம் அதற்கு இல்லை.

"குஞ்ஞல்லேடா அண்ணாச்சி, இது வளரண்டே?" என்றார் ஒருவர்.

"செத்துப்போச்சே சாரே" என்றேன்.

"அதொக்கெ கோர்ட்டில் பற." அதையெல்லாம் கோர்ட்டில் சொல்லிக்கொள்ள வேண்டுமாம்.

வளரட்டும் என்று அத்தனையையும் கடலில் கொட்டிவிட்டார்கள்.

எங்களைத்தான் விடவில்லை. முதலாளி அபராதம் கட்டும்வரை, துறையில் கட்டிப்போட்ட படகைவிட்டு இறங்கக் கூடாதாம். அவர் போனை எடுப்பதில்லை. எங்கள் ஆதார் அட்டைகளும் அவரிடம்தான். அபராதத்தைவிடப் படகு மலிவு, அவர் வரமாட்டார் என்று படகோட்டும் ஸ்ராங்கு சொல்கிறார்.

உன் ஸ்கேன் படத்தை ஜெராக்ஸ் எடுத்து, இந்தக் கடிதத்தின் பின்பக்கமுள்ள சாயாக்கடை விலாசத்துக்கு அனுப்பு. கைலி ஒன்றும் வேண்டும். துவைக்காததாக இருந்தாலும் சரி, வீட்டில் கிடந்ததாக இருக்கட்டும்.

பிரசவத்துக்கு என்னை எதிர்பார்க்காதே. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட உன் அண்ணனைக் கூப்பிட்டுக்கொள். புருஷன் எங்கே என்று நர்ஸ் கேட்டால், அரசாங்கம் பிடித்த படகுக்குக் காவல் இருக்கிறார் என்று சொல். பொய்யில்லை.

படகுக்குச் சாயா கொண்டுவரும் கடைச் சேட்டன் தபால்பெட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

இசக்கிராஜா