பொத்தானில் செருகிய ரப்பர்

மார்ச் 3, ஞாயிறு

இன்று பாதுகாப்பு அதிகாரி படிப்பின் ஞாயிறு வகுப்பில் முதலாளியின் கடமைகள். பாதுகாப்பான இயந்திரம், பாதுகாப்பான வேலை முறை, பயிற்சி, மேற்பார்வை. படிக்கப் படிக்கச் சிரிப்பாக வந்தது. எங்கள் முதலாளி இந்தப் பக்கத்தைப் பார்த்தால், வேறு யாருக்கோ வந்த தபால் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பாடம் எடுக்கும் அம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. அவரவர் வேலை இடத்தில் பார்த்த ஓர் ஆபத்தைச் சொல்லச் சொன்னார். ஈரத் தரை, அறுந்த ஒயர் என்று மற்றவர்கள் மரியாதையாகச் சொன்னார்கள். நான் எங்கள் பிரஸ் மெஷினைச் சொன்னேன். தகடு வெட்டுகிற மெஷின். அதில் இரண்டு பொத்தான்கள், இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். அப்படி இருந்தால் இரண்டு கையும் வெளியே இருக்கும். எங்கள் ஆட்கள் பழைய செருப்பு ரப்பரை வெட்டி ஒரு பொத்தானில் செருகிவிடுவார்கள், அது அமுங்கியே கிடக்கும். ஒரு கை தகட்டை வைக்க, மறு கை மற்ற பொத்தானை அமுக்க, வேலை பறக்கும்.

"சூப்பர்வைசருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

என் வாய் சும்மா இருக்காதே. தொழிற்சாலை ஆய்வாளர் வருகிற அன்று வாளியோடு வந்து ரப்பரையெல்லாம் வாங்கிக்கொண்டு போவதே அவர்தான் என்றேன். ஆய்வாளர் வண்டி கிளம்பியதும் வாளி திரும்பி வரும், இது என்னுது அது உன்னுது என்று சண்டை நடக்கும் என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தம்மா சிரிக்கவில்லை.

"தெரிஞ்சே விட்டா அது தொழிலாளி தப்பு மட்டும் இல்ல. நிர்வாகமும் பதில் சொல்லணும்."

மார்ச் 12, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் பேக்கிங் பிரிவில் எனக்கு 'லா பாயிண்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "லா பாயிண்ட், டீ குடிக்கச் சட்டத்துல இடம் இருக்கா?" சிரிக்கட்டும்.

மேனேஜர் என்னைப் படிக்க அனுப்பியது ஏன் என்று எனக்குத் தெரியாதா? பாதுகாப்பு அதிகாரி ஒருவரைப் போட்டே ஆகவேண்டும் என்று சட்டம் நெருக்குகிறது. வெளி ஆளைப் போட்டால் கேள்வி கேட்பான். நான் என்றால் ஒப்புக்குச் சப்பாணி. இருந்துவிட்டுப் போகிறேன். முதலில் அந்த அதிகாரி மேஜை வரட்டும், அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 13, புதன்

அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தானும் எங்கள் கம்பெனியில் பிரஸ் மெஷினில்தான். அந்த ரப்பரை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"எடுத்துடறேன். டார்கெட்டை நீ வந்து முடிச்சுத் தர்றியா?"

அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே, "அலுத்துப்போய் வந்த மனுஷனைப் போட்டு ஏண்டி தொணதொணங்கறே?" என்றாள்.

மார்ச் 28, வியாழன்

அத்தான் கை. எழுத வரவில்லை.

மார்ச் 29, வெள்ளி

இடது கை. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

சத்தம் கேட்டு ஓடினேன். அத்தான் அலறவில்லை. மெஷின் நின்ற பிறகும் நின்றபடியே தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாருடைய கையோ என்பது போல. சூப்பர்வைசரும் ஓடி வந்தான். எங்கே ஓடினான்? பொத்தானுக்கு! ரப்பரைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அதுக்கப்புறம்தான் ஆளைப் பிடிச்சான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். பாழாப்போறவன். இனி அவனுக்கு என்ன மரியாதை?

ஏப்ரல் 5, வெள்ளி

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல்.

"விசாரணை வரும். பயிற்சி குடுத்தோம், அவரா ரப்பர் வெச்சுக்கிட்டாருன்னு நீங்க சொன்னா போதும். பரீட்சை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், பாதுகாப்பு அதிகாரி ஆர்டரை இப்பவே போட்டுடலாம்."

தானாகவே பாதுகாப்பைக் கெடுத்துக்கொண்டார் என்று முடிந்தால் அத்தானுக்கு நஷ்டஈடு அம்போ. போன மாதப் பாடம். அவருக்கும் அது தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். வாய் கூசாமல் கேட்கிறார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசிக்க என்ன இருக்கிறது?

ஏப்ரல் 7, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசாரணையில் உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறேன், வாளி முதற்கொண்டு எல்லாம் சொல்லப்போகிறேன் என்று அத்தானிடம் சொன்னேன். எந்தப் பிரிவு, எவ்வளவு பொறுப்பு என்று விளக்கினேன். மின்விசிறியைப் பார்த்தபடி "ம்" என்றார்.

ஏப்ரல் 18, வியாழன்

விசாரணை முடிந்தது. நானும் முடிந்தேன்.

வாளி, திருப்பிக் கொடுத்தது, பாக்கெட்டில் போட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜர் மட்டும் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்து அத்தான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பயிற்சி குடுத்தாங்க சார். அன்னிக்கு மட்டும் நான்தான் ரப்பர் வெச்சேன். சூப்பர்வைசருக்குத் தெரியாது."

வாளியைப் பற்றி ஆய்வாளர் கேட்டார்.

"அப்படி ஒண்ணும் இல்ல சார். அது என் மச்சினி. எம்மேல இருக்கற பாசத்துல சொல்லுது."

மற்ற பிரஸ்காரர்கள் வரிசையாக வந்து தெரியாது, தெரியாது என்றார்கள். வாளியைச் சுற்றி நின்று அடித்துக்கொண்ட அதே ஆட்கள்! ஆய்வாளர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

அக்கா வந்தாள். உட்காரவில்லை.

"வாட்ச்மேன் வேலை தர்றோம், இப்படிச் சொல்லுங்கன்னு கம்பெனியில இருந்து ஆஸ்பத்திரிக்கே வந்தாங்க. இந்தக் கையோட வேற எவன் வேலை குடுப்பான்? உன் சட்டம் குடுக்குமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ கேட்டியாடி? வந்தே, பாடம் ஒப்பிச்சே, போனே. உங்களுக்கு என்ன வேணும்னு அவரை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. அந்த "ம்"மைச் சம்மதம் என்று நானாக எடுத்துக்கொண்டேன். ஆனால் அவர்களுக்காகத்தானே போய் நின்றேன்? எனக்கு மேஜை வேண்டும் என்றால் மேனேஜர் சொன்னதைச் சொல்லியிருப்பேனே? இதை அக்காவிடம் சொல்லவில்லை. அவள் போன பிறகு சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே 3, வெள்ளி

பேக்கிங்கில் ஆள் அதிகமாகிவிட்டதாம், வேலையை விட்டு நிறுத்துகிறார்கள். அதிகமானது நான் ஒருத்திதான்.

ஜூன் 9, ஞாயிறு

பரீட்சை. ஒரு கேள்வி: பாதுகாப்பு விஷயங்களில் தொழிலாளர்களைக் கலந்தாலோசிப்பது ஏன் அவசியம்? விளக்குக.

விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

ஜூலை 21, ஞாயிறு

பாஸ். சட்டத் தாளில் வகுப்பிலேயே நான்தான் முதல்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வேறு இடத்தில் வேலை கேட்கலாம் என்றால் பழைய கம்பெனியின் அனுபவச் சான்றிதழ் வேண்டுமாம். அதற்காகப் போனேன். ஏப்ரலுக்குப் பிறகு அக்கா வீட்டோடு பேச்சு இல்லை. கேட்டில் யார் நிற்பார் என்று தெரிந்தேதான் போனேன்.

அத்தான் காக்கி உடுப்பில் இருந்தார். சட்டையின் இடது கையை மட்டும் நீளமாக விட்டிருந்தார்.

"உன்னை உள்ள விட வேண்டாம்னு சொல்லியிருக்காங்கம்மா," என்றார் தரையைப் பார்த்து. உள்ளே கேட்டுச் சொல்கிறேன் என்று போன் செய்தார். தபாலில் அனுப்புகிறார்களாம்.

பிரஸ் சத்தம் வெளியே வரை கேட்டது. கிளம்ப மனசில்லாமல் அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"உள்ள இருக்கா. வாட்ச்மேன் சம்பளம் பத்தலை. என் மெஷின்லதான் போட்டிருக்காங்க."

"ரெண்டு கையாலதான அமுக்கறா?" என்றேன்.

ஒரு லாரி வந்தது. கேட்டைத் திறந்துவிட்டு, மூடிவிட்டு, திரும்பி வந்து நின்றார்.

"டார்கெட் முடியலைன்னு தினம் அழுதா. நான்தான் ரப்பர் வெட்டிக் குடுத்தேன்."

சரி அத்தான், வரேன் என்றேன்.