நர்ஸிடம் சொன்ன பதில்

திருப்பூர்,
3.2.2025

சித்ராதேவிக்கு,

நலம். பேசினால் இருமல் வருகிறது, இருமக் கூடாதாம். அதனால் கடிதம். டிரைவர் குருசாமி கொண்டுவருவார்.

சனிக்கிழமை என் நுரையீரலில் தெரிந்த சிறு கட்டியில் ஊசி விட்டுச் சோதனைக்குச் சதை எடுத்தபோது காற்று கசிந்து, நுரையீரலின் ஓரம் சுருங்கிவிட்டது. துணையில்லாமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் உன்னை அழைத்திருக்கிறார்கள். உன் நம்பர் ஏதோ பழைய பதிவில் இருந்திருக்கும். என் மகன் வேல்குமாரும் நீயும் விவாகரத்தாகி மூன்று வருடம். அப்படியும் வந்தாய். நன்றி.

இரண்டு கேள்விகள். கசிந்த காற்று நெஞ்சுக்குள் எங்கே போகும்? "தானா சரியாயிருமுங்க" என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொண்டார். அடுத்தது, "நீங்க இவங்களுக்கு யாருங்க?" என்று அறை வாசலில் நர்ஸ் உன்னைக் கேட்டாள். நான் கண்ணை மூடியிருந்தேன், தூங்கவில்லை. உன் பதில் மட்டும் காதில் விழவில்லை. என்ன சொன்னாய்?

நல்லம்மாள்

அவிநாசி,
5.2.2025

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

தண்ணீர்க் குடத்தை நீங்களே நகர்த்தினீர்களாம், குருசாமி அண்ணன் சொன்னார். தயவுசெய்து வேண்டாம்.

எங்கள் கம்பெனியில் பனியனைப் பையில் போடும்போது காற்று தங்கினால் அட்டைப்பெட்டி மூடாது. பையில் சிறு துளைகள் இருக்கும், அழுத்தினால் போய்விடும். உடம்புக்குத் துளை வேண்டாம். காற்று கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கரைந்துவிடும். அந்த இடத்தை நுரையீரல் விரிந்து நிரப்பிக்கொள்ளும். கம்பெனி டாக்டரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நானும் ஒன்று கேட்கலாமா? அந்த ஆஸ்பத்திரி திறந்தே ஒரு வருடம்தான் ஆகிறது. பழைய பதிவு எப்படி வந்தது?

சித்ராதேவி

திருப்பூர்,
8.2.2025

சித்ராவுக்கு,

காற்றைப் பற்றி எழுதியது தெளிவு. இன்றைய எக்ஸ்ரேயில் நுரையீரல் ஏறக்குறைய விரிந்துவிட்டது. ஆனால் கேட்டது இரண்டு, எழுதியது ஒன்று. நான் படித்த கான்வென்டில், ஒரு கேள்வியை விட்டாலும் மதர் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். விட்டதை எழுது, பிறகு உன் கேள்வியைப் பார்க்கலாம்.

கட்டி என்னவென்று வெள்ளிக்கிழமை சொல்வார்கள். வேலுவுக்குத் தெரியாது. கனடாவிலிருந்து அவன் என்ன செய்துவிட முடியும்? தனியாகவே போய்க்கொள்வேன்.

நல்லம்மாள்

அவிநாசி,
10.2.2025

அத்தைக்கு,

"இவங்க ஊட்டு மருமகளுங்க" என்றேன். "அப்ப உள்ள போங்க" என்றாள். பொய்தான். உண்மையைச் சொன்னால் விடமாட்டாளோ என்று பயம். உங்களுக்குக் கோபம் என்றால் எழுதுங்கள்; இனி வரவில்லை.

சித்ரா

திருப்பூர்,
11.2.2025

கண்ணு சித்ரா,

கோபம் இல்லை. ஊசி போடும் முன், "அவசரம்னா யாரைங்க கூப்பிடறது?" என்று அதே நர்ஸ் என்னைக் கேட்டாள். வேலுவின் நம்பரைப் போனில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உன்னுடையது பார்க்காமலே வாயில் வந்துவிட்டது. பழைய பதிவு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமையும் அவள்தான் இருப்பாள். அவளிடம் ஒருமுறை சொன்னதை மாற்றிச் சொல்வது எனக்குப் பிடிக்காது. காலை ஒன்பது மணிக்கு உன் வாசலில் கார் நிற்கும். நானும் உள்ளே இருப்பேன். நீயாக வரும்வரை குருசாமியை ஹாரன் அடிக்க விடமாட்டேன்.

அத்தை