அடையாளம் தெரியாத தொழிலாளி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், எதையும் மறைக்கமாட்டேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

விடுமுறை வேலைக்கு வந்த பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இன்று அப்பாவைப் பார்த்தேன். ஆலை வேலைநிறுத்தத்தில் கொடி பிடித்து நிற்கிறாரே, நீ பெட்டியோடு இந்தக் காப்பகத்துக்குக் கொடுத்தனுப்பிய அதே படம். அடியில் "அடையாளம் தெரியாத தொழிலாளி" என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

"சார், இது எங்க அப்பா," என்றேன்.

காப்பாளர் சிரித்தார். "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இவர்தாம்மா அப்பா. பேர் போட்ட காகிதம் இருக்கா?"

"பெட்டியிலேயே ஆலை அட்டை, சம்பளச் சீட்டெல்லாம் இருந்துச்சே?"

"ஓ, அந்தக் குப்பையா? வரலாற்று மதிப்பு இல்லைன்னு போன மாசமே கிழிச்சாச்சு."

"அப்ப படத்தையாவது திருப்பிக் கொடுங்க."

"கொடுத்தா கொடுத்ததுதான். உங்கம்மா கையெழுத்து இருக்கு, பாரு."

கவலைப்படாதே அம்மா, படத்தைக் குளிர்சாதன அறையில்தான் வைத்திருக்கிறார்கள். அப்பா இருந்தவரை நம் வீட்டில் மின்விசிறிகூட இல்லை.

அவர் பெயர் வெட்டிய டிபன் பாக்ஸை உடனே அனுப்பு. ஆதாரமாக ஏற்காவிட்டால் அதில் சாப்பிடுகிறேன். இங்கே தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

படத்தின் முன்னால் உட்கார்ந்தே இதை எழுதுகிறேன். இன்னும் ஐந்து நிமிடம் கேட்டேன். வெளிச்சத்தில் படம் கெட்டுவிடுமாம், விளக்கை அணைத்துவிட்டார்கள்.