அக்கா வீட்டுக்கு வந்தாள்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம், மற்றதைக் கடிதத்துக்குள் எழுதுகிறேன். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கேட்டால் நீ ஆமாம் என்றுதான் சொல்வாய். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் பாதியிலேயே நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், அது உனக்கே தெரியும். காகிதத்தில் தாவினால் அடித்துத் திருத்தியது தெரிந்துவிடும், அந்தப் பயத்திலாவது ஒழுங்காகச் சொல்வேன் என்று பார்க்கிறேன்.

உன் அப்பா காதுக் கருவியை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார், அது விசில் அடிக்கிறதாம். குளியலறைக் குழாயை மூன்றாவது தடவையாகப் பழுது பார்த்ததில் இப்போது வெந்நீர்ப் பக்கம் திருகினால் பச்சைத் தண்ணீர் வருகிறது, பச்சைத் தண்ணீர்ப் பக்கம் திருகினால் ஒன்றும் வருவதில்லை. கேட்டால், ரெண்டுல ஒண்ணு வேலை செய்யுதுல்ல என்கிறார். பல் செட் கட்டும் கூடத்தில் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஆனால் போன மாதம் ஒரு பெரியவருக்கான மெழுகு அச்சில் கீழ் வரிசைப் பல்லை மேலே அடுக்கி அனுப்பப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருஷத்தில் இப்படி ஆனதில்லை. முதலாளி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னம்மா இது, இவர் தலைகீழா நின்னுதான் சாப்பிடணும் போலிருக்கே என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன். பார், தாவ ஆரம்பித்துவிட்டேன்.

நீ மாப்பிள்ளையிடம் பிள்ளையை விட்டுவிட்டு, வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் போய் இருக்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. அன்றைக்கு நீ போனில் சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிள்ளை தரையெல்லாம் சாயத்தைக் கொட்டிவிட்டாள், அதே நேரம் யாரோ வாசல் மணியை அடித்தார்கள், அவ்வளவுதான், பிள்ளை அலமாரிக்குள்ளே, நீ வெளியே. கதவு மேல சாஞ்சுக்கிட்டு நிக்கிறேம்மா, எவ்வளவு நேரம் நின்னேன்னே தெரியல, அவ அழவே இல்ல, அதுதாம்மா எனக்குப் பயமா இருக்கு என்றாய். நாலு வயதுப் பிள்ளை. நான் என்ன சொன்னேன்? சரி சரி, சாப்பிட்டியா என்றேன். உன்னை நான் அலமாரிக்குள் வைத்துச் சாத்தியபோது நீயும் அழுததில்லை. பதினோரு தடவை என்று நீ எண்ணி வைத்திருக்கிறாய். நான் எண்ணவில்லை. குறும்பு செய்ததற்குத் தண்டனை என்று நீ இத்தனை வருஷம் நினைத்திருப்பாய், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் தெருவில் நாலு பேர் சத்தமாகப் பேசினால்கூட என் நெஞ்சு அடித்துக்கொள்ளும், உன்னை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால்தான் அது அடங்கும். அதை இப்போதுதான் கண்டுபிடித்தேன், யாருக்கு என்ன லாபம்.

அங்கே உனக்குச் சிகிச்சை செய்கிறவர் சொன்னதாக நீ எழுதியிருந்தாய் அல்லவா, உனக்குள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தி இருக்கிறாள், அவளை ஏன் நிற்கிறாய் என்று கேட்டால், எனக்குத் தெரியாது, அம்மாவைக் கேள் என்கிறாள் என்று. அந்தக் கடிதத்தை ஒரு மாதம் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகுதான் நீ சொன்ன மாதிரியே இங்கும் அதே முறையில் செய்கிற ஒருவரைத் தேடிப் போனேன். மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி, இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், அவ்வளவுதான் அறை. அந்த ஆலோசகர் உன்னைவிடச் சின்னவள். முதல் நாள் முழுக்க அவளுக்குப் பல் செட் கட்டுவது எப்படி என்று பாடம் நடத்திவிட்டு வந்தேன், பாவம், குறிப்பெல்லாம் எடுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. நமக்குள் ஒரே ஒரு ஆள் இல்லையாம், ஒரு வீட்டில் பல பேர் இருப்பது போல, கோபக்காரர் ஒருவர், பயந்தாங்கொள்ளி ஒருவர், எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிறவர் ஒருவர் என்று இருக்கிறார்களாம். யாரும் கெட்டவர் இல்லை. என்றைக்கோ ஒரு நாள் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டு, அந்த நாள் முடிந்துபோனது தெரியாமல் இன்னும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்களாம். அவங்கள விரட்ட வேண்டாம்மா, உக்காந்து கேட்டாப் போதும் என்றாள். உங்களுக்குள்ள இருக்கிற அந்த ஆளு உடம்புல எங்க இருக்காங்கன்னு தெரியுதா என்று கேட்டாள். கண்ணை மூடிய உடனே தெரிந்தது. வலது மணிக்கட்டு. வேலையால் வந்த வலி என்று டாக்டர் கட்டுப் போட்டாரே, அதே மணிக்கட்டு.

இனி எழுதப்போவதை அந்த அறைக்குப் போகிற வரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது. எனக்கு ஒரு அக்கா இருந்தாள், ஒன்பது வயது, கலவரத்தில் போய்விட்டாள் என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். நம் ஆட்களின் வீடு எது எது என்று முதல் நாளே சுவரில் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரம், தெருக்கோடியில் சத்தம் கேட்டது. அக்கா தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். என் அம்மா என்னைத் தூக்கித் துணி அலமாரிக்குள் வைத்து, கதவில் கட்டியிருந்த துணிக் கயிற்றை உள்பக்கமாக என் கையில் கொடுத்து, இதை இழுத்துப் புடிச்சுக்க, யார் கூப்பிட்டாலும் திறக்காத, என் குரல் கேட்டாலும் திறக்காத, நானா வந்து திறப்பேன் என்று சொல்லிவிட்டு, அக்காவைத் தேடிப் பின்வாசல் வழியாக ஓடினாள். அம்மா போன கொஞ்ச நேரத்தில் அக்கா முன்வாசல் வழியாக வந்தாள். ஆமாம் சின்னு, அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீடு முழுக்க அம்மா அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நேராக அலமாரியிடம் வந்தாள். நாங்கள் ஒளிந்து விளையாடுகிற இடம் அதுதான். கதவைத் தட்டினாள். நான்தான்டி, திற, எனக்கும் இடம் விடு என்றாள். நான் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் இரண்டு தரம் பிடித்து இழுத்தாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுப் பிள்ளையைவிடப் பலம் அதிகம்தானே, எப்படி என்னால் பிடிக்க முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிறகு வாசலில் ஆட்கள் வருகிற சத்தம், அவள் செருப்பு சமையலறைப் பக்கமாக ஓடுகிற சத்தம். அம்மா வந்து திறந்தபோது என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கயிற்றை எடுத்தாள். அக்காவைப் பின்சந்தில் கண்டுபிடித்தார்கள்.

அவள் வகுப்பிலிருந்து வருகிற வழியிலேயே மாட்டிக்கொண்டாள் என்று என் அம்மா நினைத்தாள். கடைசி வரைக்கும் அப்படித்தான் நினைத்தாள். நான்தானே அன்னைக்கு அவளைத் தையலுக்கு அனுப்பினேன், போகமாட்டேன்னுச்சே, நான்தானே அனுப்பினேன் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வாள், துணியை மடித்துக்கொண்டே சொல்வாள். நாற்பது வருஷம் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லம்மா, அவ வந்துட்டா, நான்தான் திறக்கல என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதியா, இன்னும் நரகமா? அதுவும் தெரியவில்லை. இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

மூன்றாம் தடவை போனபோது அந்த ஐந்து வயதுப் பெண் எனக்குக் கண்ணெதிரே தெரிந்தாள், இருட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஆலோசகர் மெதுவாகக் கேட்டாள், உங்களுக்கு இப்ப என்ன வயசுன்னு அவளுக்குத் தெரியுமா? தெரியவில்லை. அவகிட்ட சொல்லுங்க, அந்த நாள் முடிஞ்சிடுச்சு, நீ இனிமே புடிக்க வேண்டாம்னு சொல்லுங்க என்றாள். உனக்கு இந்த இடத்தில்தான் மனசு இளகி அழுகை வந்தது என்று எழுதியிருந்தாய். நானும் அப்படி நடக்கும் என்று நம்பித்தான் போனேன். நான் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, அக்கா எங்க என்று கேட்டாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னேன். அவள் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தண்ணீர் கொடுத்தாள். அடுத்த முறை போனபோது, இந்தச் சுமையை நெருப்பிலோ காற்றிலோ தண்ணீரிலோ எதில் வேண்டுமானாலும் விட்டுவிடலாம், எதில் என்று அந்த ஐந்து வயதுப் பெண்ணையே கேளுங்கள் என்றாள். நான் முடியாது என்றேன். ஏன் என்றாள். நான் அதைக் கீழே போட்டுட்டா அக்கா வந்து தட்டினது யாருக்குத் தெரியும், உலகத்துலயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்றேன். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. ஆலோசகர் இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. அவள்மேல் குறை இல்லை, அவள் தங்கமான பெண். சில பேருக்கு ஆறும், சில பேருக்கு ஆறாது, அவ்வளவுதான்.

உன் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடிக்கும்போது ஆரம்பித்தேன். அவருக்குத்தான் காது கேட்காதே. என்ன, என்ன என்று கையைக் காதில் வைத்துக்கொண்டு கேட்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஐம்பத்தாறு வருஷம் வைத்திருந்ததை மூன்று தரம் சொல்ல வேண்டி வந்தது, மூன்றாம் தரம் கத்தினேன். மேல்வீட்டில் நாற்காலி நகர்த்துகிற சத்தம் நின்றுபோனது. அப்பா எழுந்து போய்த் திருப்புளியை எடுத்துக்கொண்டு, நம் படுக்கையறை அலமாரியின் இரண்டு கதவையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். எனக்காகத்தான் செய்தார், தெரிகிறது. ஆனால் அந்தத் துணிகள் அப்படித் திறந்து கிடப்பதைப் பார்த்தால் அந்த அறைக்குள் என்னால் கால் வைக்க முடியவில்லை. நாலாம் நாள் அவரே திரும்ப மாட்டினார். ஒரு கதவு சரியாகச் சாத்த வரவில்லை.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். உனக்கு இருப்பது போதாதா. ஆனால் நேற்று மாப்பிள்ளை பேசினார். நல்ல மனிதர், உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. பிள்ளை இப்போது தானாகவே அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாளாம். விளையாட்டு என்று முதலில் விட்டுவிட்டாராம். இப்போது தினமும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டு, நான் கூப்பிட்டாலும் வரமாட்டேங்குறா அத்தை, அம்மா வந்தாத்தான் திறப்பேங்குறா என்றார். நீ தூரமாக இருந்தால் பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தானே போனாய். நானும் அது சரியாக இருக்குமோ என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். அந்தப் பயம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது சின்னு. நீ பக்கத்தில் இருந்தாலும் போகிறது, இல்லாவிட்டாலும் போகிறது.

அதனால் நீ முழுக்கக் குணமாகிப் பிறகு போகலாம் என்று இருக்காதே. நான் அப்படிக் காத்திருந்தால் எனக்கு இந்த ஜென்மம் போதாது. சுமை யாருடையதோ அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உன் சிகிச்சைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாயே, உன்னுடையதை என்னிடம் கொடுத்துவிடு. நான் எப்படியும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், கூட ஒன்று சேர்ந்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது. என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை, அதை நான் கேட்கவும் கூடாது. அக்கா வந்தாள் என்பது இப்போது உனக்கும் தெரியும், அது போதும்.

சனிக்கிழமை உனக்கு விடுமுறைதானே, காலையிலேயே கிளம்பிப் போ. குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள், மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள். அங்கே போனதும் அலமாரிக் கதவை நீயாக இழுக்காதே. வெளியே தரையில் உட்கார்ந்துகொள். நீ வந்திருக்கிறாய் என்று சொல், எவ்வளவு நேரம் ஆனாலும் எழுந்து போகாதே. பதில் வரவில்லை என்று நினைத்து விட்டுவிடாதே. உள்ளே இருப்பவளுக்கு எல்லாம் கேட்கும். எனக்குக் கேட்டது.

நீயும் பிள்ளையும் ஒரே வீட்டில் நன்றாக இருக்க வேண்டும். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆசிகளுடன்,
உன் அம்மா